காப்பியா, கைகாட்டியா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது இந்தத் தவறைச் செய்திருப்பார்கள். டெஸ்க்டாப்பில் தெரியும் ஐகானை காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்வார்கள். பிரிண்ட் எடுக்க கடைக்குப் போய் பென் டிரைவைச் செருகினால் ஃபைல் திறக்காது. ஐகானின் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்கள் எடுத்து வந்தது ஃபைலை அல்ல. அந்த ஃபைல் வீட்டு கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கைகாட்டும் ஷார்ட்கட்டை மட்டும்தான். ஓரிரு கிலோபைட் அளவுள்ள ஷார்ட்கட்டுக்குள் உங்கள் பயோடேட்டா எப்படி இருக்கும்?

இந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கில் பலரைத் திணற வைக்கும் ஒரு விஷயத்தில் பாதியை நீங்கள் ஏற்கெனவே கற்றுக் கொண்டு விட்டீர்கள்.

கம்ப்யூட்டர் சென்டர்களில் இந்தப் பாடத்தை நடத்தும் விதம் எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் கிளாஸ், பிறகு ஆப்ஜெக்ட், அடுத்து இன்ஹெரிடன்ஸ், பாலிமார்பிசம். விலங்கு என்று ஒரு கிளாஸ் எழுதி அதிலிருந்து நாய், பூனை என்று இரண்டு கிளாஸ் எழுதச் சொல்வார்கள். இரண்டாவது மாதத்தில் லேப் முழுவதும் நாய் குரைக்கும், பூனை கத்தும். ஆனால் ஒரு வேரியபிளை இன்னொரு வேரியபிளில் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அரை நிமிடத்தில் சொல்லி விட்டுப் போய் விடுவார்கள். என் கருத்து, இந்த வரிசை தலைகீழ். இன்ஹெரிடன்ஸ் தெரியாமல் பல வருடம் நல்ல புரோகிராம் எழுதலாம். இது தெரியாமல் ஒரு பில் போடும் புரோகிராம்கூட ஒழுங்காக எழுத முடியாது. நான் எழுதிப் பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் விஷயத்தைப் பார்த்து விடுவோம். "அ" என்று ஒரு வேரியபிள், அதில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆ = அ என்று எழுதுகிறீர்கள். இப்போது இரண்டில் ஒன்று நடக்கும். "அ"வில் இருந்ததை கம்ப்யூட்டர் ஜெராக்ஸ் எடுத்து "ஆ"வில் வைக்கலாம். அப்படியானால் இனி இரண்டும் தனித்தனி. "ஆ"வைத் திருத்தினால் "அ"வுக்கு ஒன்றும் ஆகாது. இது வேல்யூ டைப். அல்லது, பொருள் மெமரியில் ஒரே இடத்தில்தான் இருக்கும், அது இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டியை மட்டும் "ஆ"வுக்கும் கொடுக்கலாம். அப்படியானால் பெயர் இரண்டு, பொருள் ஒன்று. "ஆ" வழியாகப் போய்த் திருத்தினால் "அ" வழியாகப் பார்ப்பவருக்கும் திருத்தியதுதான் தெரியும். இது ரெபரன்ஸ் டைப்.

இமெயிலில் ஒரு ஃபைலை இணைத்து அனுப்புவதும், கூகுள் டிரைவில் வைத்து லிங்க் அனுப்புவதும் இதே வித்தியாசம்தான். இணைத்து அனுப்பியதை நண்பர் எப்படித் திருத்தினாலும் உங்களிடம் உள்ளது அப்படியே இருக்கும். லிங்க்கும் திருத்தும் உரிமையும் கொடுத்தால் அவர் அழித்தது உங்களுக்கும் அழிந்துதான் போகும். இதில் எது நல்லது என்று கேட்டால் பதில் இல்லை. எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இனி நான் பட்ட கதை. 2007ல் தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்யும் ஒருவருக்கு எடை மேடைக் கணக்கு போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மைக்ரோசாப்ட் அப்போது விசுவல் சி ஷார்ப் எக்ஸ்பிரஸ் எடிஷனை இலவசமாகக் கொடுத்திருந்தது. புத்தகம் பார்த்துக் கற்றுக் கொண்டு எழுதிய முதல் பெரிய புரோகிராம் அது. உப்பளத்து அம்பாரத்தில் இருந்து லாரி உப்பு ஏற்றி வரும். எடை மேடையில் ஏறினால் மொத்த எடை தெரியும். லாரியின் காலி எடையைக் கழித்தால் உப்பின் எடை. ஒவ்வொரு நடைக்கும் காலி லாரியை எடை போட நேரம் இல்லை என்பதால் ஒரு முறை போட்டு வைத்திருந்த காலி எடையையே எல்லா நடைக்கும் கழிப்பார்கள். லாரி வாடகை, ஏற்று கூலி எல்லாமே டன் கணக்கு.

நான் லாரி என்று ஒரு கிளாஸ் எழுதினேன். அதில் வண்டி எண், உரிமையாளர் பெயர், போன் எண், காலி எடை. சீட்டு என்று இன்னொரு கிளாஸ். அதில் தேதி, மொத்த எடை, பிறகு லாரி. நிகர எடை வேண்டும் என்றால் சீட்டு தன்னிடம் உள்ள லாரியிடம் காலி எடையைக் கேட்டுக் கழித்துச் சொல்லும். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதாதே என்று புத்தகம் சொன்னபடி செய்திருக்கிறேன் அல்லவா!

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதக் கடைசியில் ஒரு லாரிக்கு மட்டும் கணக்கு இடித்தது. எடை மேடையில் சீட்டு எழுதும் பெண் கையில் வைத்திருந்த கார்பன் காப்பியில் ஒரு நடைக்கு 15,500 கிலோ. கம்ப்யூட்டர் மாதக் கணக்கில் அதே நடைக்கு 15,380 கிலோ. அந்த லாரி 40 நடை அடித்திருந்தது. கூட்டிப் பார்த்தால் 4,800 கிலோ, அதாவது ஏறக்குறைய 5 டன். லாரிக்காரருக்கு வாடகை கூடுதலாகக் கிடைக்க அந்தப் பெண் சீட்டில் எடையைக் கூட்டி எழுதி விட்டார் என்று பேச்சு கிளம்பி விட்டது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்லா தம்பி?" என்று கேட்டார். சொல்லாது அண்ணாச்சி என்றேன். அந்தப் பெண்ணை இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள்.

தவறைக் கண்டுபிடித்தது நான் இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் கார்பன் காப்பிக் கட்டோடு வந்து என்னிடம் கேட்டார்: "எல்லா சீட்டுலயும் ஒரே மாதிரி 120 கிலோதானே அண்ணே குறையுது? திருடுறவ தினமும் ஒரே அளவாவா திருடுவா?"

அப்போதுதான் உறைத்தது. மாதக் கடைசியில் அந்த லாரிக்கு பாடியில் பலகை மாற்றி, பக்கத்தில் தகடு அடித்திருந்தார்கள். மறுபடியும் காலி எடை போட்டபோது 9,480 கிலோவாக இருந்தது 9,600 ஆகி இருந்தது. அதை முறைப்படி லாரி விவரத்தில் திருத்தி இருக்கிறார்கள். 40 சீட்டுகளும் கைகாட்டியது அந்த ஒரே லாரியை. லாரியின் எடை மாறியதும், மாதம் முழுவதும் நடந்து முடிந்த நடைகளின் கணக்கும் சேர்ந்து மாறி விட்டது. தகடு அடிப்பதற்கு முன்பு ஓடிய லாரிக்கும் தகட்டின் எடையைக் கழித்திருக்கிறது என் புரோகிராம்.

நான் சீட்டில் வைத்திருக்க வேண்டியது அந்த நேரத்துக் காலி எடையின் காப்பியை. வைத்திருந்ததோ லாரிக்கு ஒரு கைகாட்டியை. உரிமையாளர் பெயருக்கும் போன் எண்ணுக்கும் கைகாட்டிதான் சரி, ஏனென்றால் போன் எண் மாறினால் புது எண்தான் எல்லா இடத்திலும் வேண்டும். எடைக்கு அது சரி இல்லை. "ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதாதே" என்ற விதியை நான் தப்பாகப் புரிந்து கொண்டிருந்தேன். லாரியின் இன்றைய காலி எடையும், 3ஆம் தேதி காலையில் கழித்த எடையும் ஒரே விவரம் இல்லை. எண் ஒன்றாக இருந்தது தற்செயல்.

கடையில் பில் போடும் புரோகிராம் எழுதுபவர்கள் இதே குழியில்தான் விழுவார்கள். பொருளின் விலையை பில்லில் காப்பி எடுத்து வைக்காமல் பொருளுக்குக் கைகாட்டி விட்டால், விலை ஏறிய அன்று போன வருடத்து பில் எல்லாம் ஏறிய விலையில் பிரிண்ட் ஆகும்.

பட்டவுடன் நான் செய்தது என்ன தெரியுமா? மறு எல்லைக்கு ஓடினேன். கைகாட்டியே வேண்டாம் என்று லாரியையும் கிளாஸில் இருந்து ஸ்ட்ரக்ட் ஆக மாற்றி விட்டேன். சி ஷார்ப்பில் கிளாஸ் என்று எழுதினால் ரெபரன்ஸ் டைப், ஸ்ட்ரக்ட் என்று எழுதினால் வேல்யூ டைப். அடுத்த வாரமே புதுப் பிரச்னை. லாரிப் பட்டியலில் இருந்து ஒரு லாரியை எடுத்து, போன் எண்ணைத் திருத்தி, சேவ் செய்தால் பழைய எண்ணே திரும்ப வருகிறது. பட்டியலில் இருந்து எடுத்தபோதே கைக்கு வந்தது ஜெராக்ஸ். ஜெராக்ஸில் திருத்தி விட்டு ஒரிஜினல் மாறவில்லையே என்று ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆக, எதை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு உதாரணம் தேட தூத்துக்குடியில் இருப்பவன் வெளியூர் போக வேண்டியதில்லை.

எங்கள் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியதால் வேறு துறைமுகம் ஆகி விட்டதா? இல்லை. அங்கு வரும் கப்பலும் அப்படியே. கப்பலை விற்பார்கள், பெயரை மாற்றுவார்கள், கொடியை மாற்றுவார்கள், வேறு பெயின்ட் அடிப்பார்கள். ஆனால் ஐ.எம்.ஓ. எண் என்ற 7 இலக்க எண் உடைக்கும் நாள் வரை மாறாது. 1996ல் இருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். உள்ளே எல்லாமே மாறினாலும் "அதே கப்பல்" என்று சொல்ல வேண்டி இருப்பதால்தான் இந்த எண் தேவைப்பட்டது. இப்படிப்பட்டவை ரெபரன்ஸ் டைப்பாக இருக்க வேண்டியவை.

கன்டெய்னரும் அதே ஜாதி. யார்டில் அடுக்கி இருக்கும் 20 அடிப் பெட்டிகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் 4 எழுத்தும் 7 இலக்கமும் எழுதி இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. முன்னால் உள்ள 10 இடங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும், வராவிட்டால் யாரோ தப்பாக டைப் செய்திருக்கிறார்கள். சரி, கன்டெய்னரை ஒருவர் வேல்யூ டைப்பாக எழுதி விட்டார் என்று வைத்துக் கொள்வோம். யார்டு கிளார்க்கின் பட்டியலில் ஒரு காப்பி, கேட்டில் இருப்பவரிடம் ஒரு காப்பி, கப்பல் ஏற்றுபவரிடம் ஒரு காப்பி. கேட்டில் உள்ளவர் "வெளியே போய் விட்டது" என்று தன் காப்பியில் குறிக்கிறார். யார்டு பட்டியலில் பெட்டி இன்னும் அங்கேயே இருக்கும். இல்லாத பெட்டியைத் தூக்க கிரேன் போகும்.

பில் ஆஃப் லேடிங் என்ற காகிதத்தைப் பாருங்கள். வழக்கமாக 3 ஒரிஜினல் கொடுப்பார்கள். சரக்கு ஒன்றுதான். மூன்று காகிதமும் அந்த ஒரே சரக்கைக் காட்டும். ஒன்றைக் கொடுத்து சரக்கை எடுத்து விட்டால் மற்ற இரண்டும் வெறும் தாள். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே கப்பல் வியாபாரிகள் ரெபரன்ஸ் டைப்பைப் பயன்படுத்தி இருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் உப்பு. ஒரு டன் உப்பு கடன் வாங்கி அதே தரத்தில் வேறு ஒரு டன் திருப்பிக் கொடுத்தால் யாரும் "என் உப்பு எங்கே" என்று கேட்க மாட்டார்கள். எடை, பணம், தேதி, வெப்பநிலை, படகில் ஜி.பி.எஸ். காட்டும் இடம் எல்லாம் இந்த ரகம். இரண்டு 500 ரூபாய் சமமா என்றால் சமம், அவ்வளவுதான். இவை வேல்யூ டைப்.

ஆனால் பொருளைப் பார்த்தே முடிவு செய்து விட முடியாது என்பதற்கு முத்து நல்ல உதாரணம். மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ல் நடந்ததுதான் கடைசி. பழைய முறைப்படி படகு கொண்டு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எண்ணிக்கைதான் கணக்கு, எந்தச் சிப்பி என்ற பேச்சே இல்லை. திறந்து முத்தை எடுத்த பிறகு கதை மாறும். ஓட்டை அளவு வேறுபட்ட சல்லடைகளில் சலித்துப் பிரிப்பார்கள். பொடி முத்து எடைக்குப் போகும். பெரிய முத்தை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்து நிறம், உருண்டை, ஒளி எல்லாவற்றையும் வைத்து விலை பேசுவார்கள். சங்கிலும் இப்படித்தான். வளையல் அறுக்க வங்காளத்திற்குப் போகும் சாதாரணச் சங்கு எண்ணிக்கைக் கணக்கு. வலம்புரி ஒன்று கிடைத்தால் அதற்குத் தனி விலை, தனிப் பேச்சு.

எனவே நான் புதிதாக எழுதுபவர்களுக்குச் சொல்வது இதுதான். பொருளை விட்டு விட்டு, உங்கள் புரோகிராம் அதைப் பற்றிக் கேட்கும் கேள்வியைப் பாருங்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் வேல்யூ. "எது?" என்று கேட்டால் ரெபரன்ஸ். கடைக்காரருக்கு 500 ரூபாய் நோட்டு வேல்யூ. கள்ள நோட்டைப் பிடித்து அதன் எண்ணைக் குறிக்கும் போலீஸ்காரருக்கு அதே நோட்டு ரெபரன்ஸ்.

இப்போது மொழிகள் பக்கம் வருவோம். இங்கேதான் எனக்கு வருத்தம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயன்ஸில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைதான் வைத்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல மொழிகள். ஆனால் சி பிளஸ் பிளஸில் ஒரு ஆப்ஜெக்டை இன்னொன்றுக்குச் சமக்குறி போட்டால், நீங்கள் வேறு மாதிரி சொல்லாத வரை, காப்பி ஆகும். பைதானில் சமக்குறி எப்போதும் கைகாட்டிதான். அதாவது ஒரு மாணவர் கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது சமக்குறியின் அர்த்தமே மாறி இருக்கிறது! இந்த இடத்தில் ஒரு முழு பீரியட் செலவு செய்யுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் பைதான் இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். "எடைகள்" என்று ஒரு லிஸ்டில் 10, 20, 30 என்று போடுங்கள். நகல் = எடைகள் என்று எழுதுங்கள். நகலில் 40ஐ அப்பெண்ட் செய்யுங்கள். பிறகு "எடைகள்" லிஸ்டை பிரிண்ட் செய்து பாருங்கள். அதிலும் 40 இருக்கும். நிஜமாகவே தனி லிஸ்ட் வேண்டும் என்றால் காப்பி என்ற மெதடைக் கூப்பிட வேண்டும். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அதுவும் போதாது. உள்ளே இருப்பவற்றின் கைகாட்டிகளை மட்டும் காப்பி எடுத்துத் தரும். அதற்கு டீப்காப்பி என்று தனியாக ஒன்று உண்டு.

ஜாவாவில் இன்ட், டபுள் போன்ற 8 அடிப்படை டைப்கள் மட்டுமே வேல்யூ. நீங்கள் எழுதும் கிளாஸ் எதுவாக இருந்தாலும் ரெபரன்ஸ். இதை மாற்ற 2014ல் வல்ஹாலா என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார்கள். அவ்வளவு எளிதில் முடிகிற வேலையாக அது இல்லை. இடையில் ஜாவா 5 செய்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இன்ட்டுக்குப் பதில் இன்டிஜர் என்ற ஆப்ஜெக்டில் 127ஐ இரண்டு வேரியபிளில் போட்டு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் "சமம்" என்று வரும். இரண்டிலும் 128ஐப் போட்டு ஒப்பிட்டால் சாதாரணமாக "சமமில்லை" என்று வரும். காரணம், மைனஸ் 128 முதல் 127 வரை உள்ள எண்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. அதற்கு மேல் புதிது புதிதாகச் செய்கிறது. இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவது எண்ணை அல்ல, கைகாட்டியை. 128 என்பது "எவ்வளவு" என்ற கேள்விக்கான பதில். அதைப் போய் "எது" என்று கேட்டால் இப்படித்தான். ஈக்வல்ஸ் மெதடைப் பயன்படுத்தினால் சரியாக வரும்.

பழைய விசுவல் பேசிக் 6ல் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. கைகாட்டியை மாற்ற வேண்டும் என்றால் வரிக்கு முன்னால் செட் என்று எழுதியே ஆக வேண்டும். படிக்கும்போதே தெரிந்து விடும். தேவையில்லாத தொல்லை என்று 2002ல் வந்த விசுவல் பேசிக் டாட் நெட்டில் எடுத்து விட்டார்கள். எனக்கென்னவோ அந்தத் தொல்லை நல்ல தொல்லை என்றுதான் படுகிறது.

2014ல் ஆப்பிள் கொண்டு வந்த ஸ்விஃப்ட் மொழியில் ஸ்டிரிங், அர்ரே, டிக்‌ஷனரி எல்லாமே வேல்யூ டைப். ஒருவரிடம் அர்ரேயைக் கொடுத்தால் அவர் திருத்தி விடுவாரோ என்ற பயம் இல்லை.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் "வேல்யூ டைப் ஸ்டேக்கில் இருக்கும், ரெபரன்ஸ் டைப் ஹீப்பில் இருக்கும்" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. ஒரு கிளாஸுக்குள் இருக்கும் வேல்யூ டைப் அந்த ஆப்ஜெக்டோடு சேர்ந்து ஹீப்பில்தான் இருக்கும். மெமரியில் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது விஷயம். பல லட்சம் இடக்குறிப்புகளை வைத்துக் கொண்டு மேப் வரைபவருக்கு அது முக்கியம். 4 பைட் எண்கள் இரண்டு கொண்ட ஒரு புள்ளி ஸ்ட்ரக்ட் ஆக இருந்தால் 8 பைட். அதுவே 64 பிட் டாட் நெட்டில் கிளாஸாக இருந்தால் ஆப்ஜெக்டுக்கு 24 பைட், கைகாட்டிக்கு 8 பைட். வீட்டு வரவு செலவு எழுதுபவர் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம்.

ஸ்ட்ரக்ட் எப்போது எழுதலாம் என்பதற்கு மைக்ரோசாப்ட் சொல்லும் யோசனைகள் எளிதானவை. ஒற்றை மதிப்பைக் குறிப்பதாக இருக்க வேண்டும், 16 பைட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், உண்டாக்கிய பிறகு மாற்ற முடியாததாக இருக்க வேண்டும். இதில் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். மாற்றவே முடியாத ஒன்றை எத்தனை பேர் பங்கு போட்டுக் கொண்டாலும் ஆபத்தில்லை. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் ஸ்டிரிங் ரெபரன்ஸ் டைப்தான். ஆனாலும் அதனால் யாருக்கும் என் லாரிக்கு நடந்தது போல் நடப்பதில்லை, ஏனென்றால் ஒரு ஸ்டிரிங்கின் உள்ளே போய் யாரும் எழுத்தைத் திருத்த முடியாது. புது ஸ்டிரிங்தான் செய்ய முடியும். கார்பன் காப்பிச் சீட்டும் அப்படித்தான். எழுதிய பிறகு திருத்தினால் கண்ணுக்குத் தெரிந்து விடும். 2020ல் சி ஷார்ப் 9லும் 2021ல் ஜாவா 16லும் ரெக்கார்டு என்று ஒன்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிளாஸாக எழுதலாமா, ஸ்ட்ரக்ட்டாக எழுதலாமா என்று சந்தேகமாக இருந்தால், மாற்ற முடியாதபடி எழுதி விடுங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்து விடும்.

ஒரு விஷயத்தை மறந்து விட்டேன். எடைக்கு வேல்யூ டைப் வைத்தால் அதில் எப்போதும் ஏதாவது ஒரு எண் இருக்கும். புதிதாகச் செய்த சீட்டில் காலி எடை 0 என்று நிற்கும். 0 கிலோ எடையுள்ள லாரியா, இன்னும் எடை போடாத லாரியா? கைகாட்டியாக இருந்தால் நல், அதாவது எதையும் காட்டாத கைகாட்டி என்று வைத்து விடலாம். ஆனால் அந்தக் கைகாட்டியைப் பின்தொடர்ந்து போனால் புரோகிராம் நின்று விடும். 1965ல் நல் ரெபரன்ஸைக் கண்டுபிடித்த டோனி ஹோர், 2009ல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லி வருத்தப்பட்டார். சி ஷார்ப்பில் இன்ட் என்பதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் "எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று ஆகி விடும். நான் அதைத்தான் பயன்படுத்தினேன்.

அண்ணாச்சியிடம் போய் கம்ப்யூட்டர் பொய் சொல்லி விட்டது என்று சொன்னேன். உண்மையில் பொய் சொன்னது நான். லாரிக்காரருக்கு 4,800 கிலோவுக்கு உரிய வாடகையும், ஏற்றியவர்களுக்குக் கூலியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் சம்பளம் கொடுத்தார்கள். லாரியை மறுபடி கிளாஸாக மாற்றினேன். சீட்டில் காலி எடைக்கு என்று தனியாக ஒரு இடம் வைத்து, எடை போடும் நேரத்தில் இருந்த எண்ணை அதில் காப்பி எடுத்து, பிறகு யாரும் தொட முடியாதபடி பூட்டினேன்.

அதற்குப் பிறகும் அந்தப் பெண் கார்பன் காப்பிகளை மாதவாரியாகக் கட்டி அலமாரியில் வைப்பதை நிறுத்தவில்லை. அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நானும் சொல்லவில்லை.